கயிற்றின் மறுமுனை

காஜா பேராங், மலாக்கா
10-2-1958

திரு. தம்பிராஜா அவர்களுக்கு,

என்னை உங்களுக்குத் தெரியாது. கருணாகரன் வாத்தியாரை உங்களுக்குத் தெரியும். போன டிசம்பர் இருபத்துநான்காம் தேதி உங்கள் தீவில் கடலோடு போனாரே, அவருடைய மனைவி நான்.

தோட்டக் கம்பெனியிலிருந்து ஆங்கிலத்தில் ஒரு கடிதம் வந்தது. ஜாலான் பெண்டஹாராவில் நான் ரவிக்கை தைத்துக் கொடுக்கிற துணிக்கடைக்காரர்தான் வாசித்து அர்த்தம் சொன்னார். பாதியில் நிறுத்திவிட்டு, "வேணாம்மா, மிச்சத்த வீட்டுல யாரையாவது வாசிக்கச் சொல்லிக் கேட்டுக்க" என்றார். நான் விடவில்லை. மிச்சம் இதுதான்: "கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தில் மது அருந்திய நிலையில், கடற்கரையில் எழுதி வைத்திருந்த எச்சரிக்கையை மதிக்காமல், தம் சொந்த விருப்பத்தில் குளிக்க இறங்கி மூழ்கினார்." அதற்குக் கீழே சாட்சி என்று ஒரு கையெழுத்து. கடற்கரைக் காவலர், எஸ். தம்பிராஜா.

கள்ளுக்கடைச் சந்து நாறுகிறது என்று சைக்கிளைச் சுற்றுவழியில் விட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போனவர் என் கணவர். பதினோரு வருஷம் அவரோடு குடும்பம் நடத்தியவள் சொல்கிறேன். அவர் குடித்ததில்லை. எழுதி வைத்ததை மதிக்காதவரும் இல்லை. எழுத்தைச் சொல்லிக் கொடுத்துத்தான் சோறு தின்றார்.

மெர்டேக்கா என்று நாட்டுக்குச் சுதந்திரம் வந்துவிட்டது, இனித் தோட்டத்து வாத்தியார்களும் கணக்கெழுதும் கிராணிகளும் கம்பெனியின் தீவு பங்களாவில் வந்து தங்கலாம் என்று சொன்னார்கள். நல்ல மாதமெல்லாம் துரைமாருக்கு, துங்கூஜூ மழை அடிக்கிற மாதம் நமக்கு என்று அவர் சிரித்துக்கொண்டேதான் பெட்டி கட்டினார். முதல் கூட்டத்தில் போனார். திரும்பி வந்தது அவர் இல்லை.

அவருடைய அம்மா அந்தக் கடிதத்தை நம்பிவிட்டார். குடித்துச் செத்தவன் பேரை இந்த வீட்டில் எடுக்காதே என்கிறார். என் மகள் மல்லிகாவுக்கு ஆறு வயது. தெருவில் அவளிடம் கேட்கிறார்கள்.

அவர் எதற்குக் கடலில் இறங்கினார்? அப்போது நீங்கள் எங்கே நின்றீர்கள்? எனக்குப் பதில் வேண்டும். காசு கேட்டு எழுதுகிறேன் என்று நினைத்துவிடாதீர்கள்.

ருக்மணி கருணாகரன்


சிவமயம்

பூலாவ் திரிப்பாங், மெர்சிங் வழி
21-2-1958

மதிப்பிற்குரிய திருமதி கருணாகரன் அவர்களுக்கு,

தங்கள் கடிதம் கிடைத்தது. ஒன்பது நாளாகத் தபால் படகு இந்தப் பக்கம் வரவில்லை. அதனால் தாமதம். தங்கள் துயரத்தில் பங்கு கொள்கிறேன்.

கேட்டதற்குப் பதில். ஒவ்வொரு நாளும் காலை ஆறரைக்கும் பின்னேரம் மூன்றுக்கும் கடலைப் பார்த்து, பங்களா வாசல் பலகையில் எழுதிப் போடுவது என் வேலை. காற்று எந்தத் திசை, அலை எத்தனை அடி, குளிக்கலாமா கூடாதா. அன்று நான் எழுதியதன் நகல் என் கொப்பியில் உள்ளது. அப்படியே தருகிறேன்.

"24 டிசம்பர், செவ்வாய். காற்று வடகிழக்கு, பலம். அலை எட்டு அடி, அடுத்தடுத்து ஏழு எட்டாக வரும். வடக்கு மூலையில் வெளியிழுப்பு. சிவப்புக் கொடி. குளிக்கக் கூடாது."

ஆங்கிலம், மலாய், தமிழ் மூன்றிலும் எழுதினனான். தமிழ் எழுதத் தொடங்கியது அந்தக் கிழமைதான், தங்கள் கணவரைப் போன்றவர்கள் வந்தபடியால். அவர் அதை வாசித்தவர். இருபத்திரண்டாம் தேதி காலையில் பலகைக்கு முன்னால் நின்று, "ஐயா, குளிக்க என்பதற்குப் பிறகு ஒரு எழுத்துத் தவறிப்போச்சு" என்று சொல்லி, என் கையிலிருந்த சோக்கை வாங்கித் தானே திருத்தினார். ஆகவே எச்சரிக்கை தெரியாது என்று சொல்ல இடமில்லை.

மேற்கொண்டு சொல்ல என்னிடம் ஒன்றுமில்லை. விசாரணையில் எல்லாம் சொல்லியாயிற்று.

இங்ஙனம்,
எஸ். தம்பிராஜா


காஜா பேராங்
3-3-1958

திரு. தம்பிராஜா அவர்களுக்கு,

நான் கேட்டது பலகையில் என்ன எழுதியிருந்தது என்று இல்லை. எட்டு அடியோ எண்பது அடியோ. எதற்கு இறங்கினார் என்று கேட்டேன். அதற்கு உங்கள் கடிதத்தில் ஒரு சொல் இல்லை. குடித்திருந்தார் என்றும் நீங்கள் எழுதவில்லை. கையெழுத்துப் போட்ட விஷயத்தை எனக்கு எழுதக் கை வரவில்லை பாருங்கள்.

சொந்த விருப்பத்தில் குளிக்க இறங்கினார் என்கிறீர்கள். சரி. மூன்றாம் நாள் எதிர்க்கரையில் மீனவர்கள் அவரைக் கண்டெடுத்தார்கள். அடையாளம் காட்டப் போனவர் என் கொழுந்தனார் சேதுராமன். போனவர் திரும்பி வந்து என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. கருமாதி முடிந்த பிறகு, ஒரு நாள் மத்தியானம் சாப்பிட உட்கார்ந்தவர் இலையை மூடிவிட்டுச் சொன்னார்: "அண்ணி, அண்ணன் இடுப்புல கயிறு இருந்திச்சு."

ஆஸ்பத்திரியில் உடம்பைச் சுற்றிக் கொடுக்கும்போது அந்தக் கயிற்றை அறுத்துத் துணிகளோடு சேர்த்துக் கொடுத்திருக்கிறார்கள். அவர் அதை வைத்திருந்தார். இப்போது என்னிடம் இருக்கிறது. நாலு முழம், முடிச்சோடு.

குளிக்கப் போகிறவர் எவராவது இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு போவாரா? குடித்துவிட்டு இறங்குகிறவர் கட்டிக்கொண்டு இறங்குவாரா? நீங்கள் கடல் தெரிந்தவர். தெரியாதவளுக்குச் சொல்லுங்கள்.

ருக்மணி


சிவமயம்

பூலாவ் திரிப்பாங்
19-3-1958

திருமதி கருணாகரன் அவர்களுக்கு,

மூன்று நாள் கடலில் கிடந்த உடம்பில் கயிறு இருக்கும், வலை இருக்கும், பாசி இருக்கும். இந்த மாதங்களில் மீன்பிடிக்க நட்டு வைத்து உடைந்த தூண்டில் வேலிகளின் கயிறெல்லாம் கடலில் மிதக்கும். அதில் ஒன்று சுற்றியிருக்கும். இதில் அதிசயம் இல்லை.

கோபம் கொள்ள வேண்டாம், ஒன்று சொல்கிறேன். நீங்கள் மலாக்காக்காரர். உங்கள் கடலில் அலை ஏது? சேறும் தண்ணீருமாகக் குளம் மாதிரிக் கிடக்கும். நான் இந்தக் கரையில் பதினெட்டு மார்கழி பார்த்தவன். இங்கே அந்தக் காலத்தில் கடல் நிற்பதே இல்லை. அலை உடைந்து கரைக்கு வந்த தண்ணீரெல்லாம் ஒரு வாய்க்காலாகச் சேர்ந்து திரும்பி வெளியே ஓடும். அந்த இடத்தில் அலை உடையாது. பார்க்க அமைதியாக, கறுப்பாக இருக்கும். புதிதாக வருகிறவர்கள் குளிக்க அதுதான் நல்ல இடம் என்று நினைப்பார்கள். அதில் கால் வைத்தவனை எண்ணி இரண்டு நிமிடத்தில் நூறு யார் தூரம் வெளியே கொண்டுபோய்விடும். குளத்தில் நீந்தப் பழகினவர்கள் இங்கே நீந்தக் கூடாது. அவ்வளவுதான் உண்மை.

எனக்கும் இரண்டு பெண் பிள்ளைகள் இருக்கினம். எனக்கு ஒரு வேலை இருக்குது. தயவுசெய்து இனி எழுத வேண்டாம்.

எஸ். தம்பிராஜா


காஜா பேராங்
27-3-1958

தம்பிராஜா அவர்களுக்கு,

எழுதாதே என்றால் எழுதாமல் இருக்க நான் உங்கள் கம்பெனியில் வேலை பார்க்கவில்லை.

எங்கள் கடல் குளம்தான். அந்தக் குளத்தில் கிளேபாங் கரையிலிருந்து தூண்டில் வேலிவரை போய்த் திரும்புவார் அவர், சனிக்கிழமை தவறாமல். தன் பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கு நீச்சல் சொல்லிக் கொடுக்கும்போது முதல் பாடமே, தெரியாத தண்ணீரில் இறங்காதே என்பதுதான். அப்படிப்பட்டவர் சிவப்புக் கொடிக்குக் கீழே விளையாட இறங்கினார் என்று சொல்கிற உங்களுக்குக் கை கூசவில்லையா?

மிதந்து வந்த கயிறு சுற்றிக்கொண்டது என்று எழுதினீர்கள். அந்தக் கயிற்றைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு பண்டார் ஹிலிர் கரைக்குப் போனேன். அங்கே வலை காயப்போட்டுக்கொண்டிருந்த ஒரு வயசான போர்த்துக்கீசிய மீனவரிடம் காட்டினேன். எனக்குத் தெரிந்த மலாயில் கேட்டேன், இது தானாகச் சுற்றுமா என்று. அவர் சிரித்தார். பிறகு என் முகத்தைப் பார்த்துவிட்டு நிறுத்தினார். முடிச்சைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். தன் மருமகனைக் கூப்பிட்டு எதிரே நிறுத்தி, அவன் இடுப்பில் வேறொரு கயிற்றால் அதே முடிச்சைப் போட்டுக் காட்டினார். அப்புறம் தன் இடுப்பில் தானே போட்டுக் காட்டினார். இரண்டும் வேறு வேறு பக்கம் திரும்பியிருந்தன.

"இது தனக்குத் தானே போட்டுக்கொண்டது இல்லை. எதிரே நின்ற ஆள் போட்டது. போட்டவன் கடல்காரன்" என்றார்.

அந்தத் தீவில் கடல்காரர் யார், தம்பிராஜா? துரையா? சமையல்காரரா?

உங்கள் கைதானே?

ருக்மணி


பூலாவ் திரிப்பாங்
14-4-1958

தங்கச்சிக்கு,

என் கைதான்.

உங்கள் கடிதம் வந்து பத்து நாள். இதை நாலு தரம் எழுதிக் கிழித்துவிட்டேன். இந்த முறை கிழிக்காமல் எழுதி முடித்துவிட்டுப் படகில் கொடுத்துவிடுவேன்.

அன்று டைரக்டர் துரையின் மகன் வந்திருந்தான். இங்கிலாந்தில் படிக்கிறவன், இருபது வயது. கிறிஸ்துமஸுக்குத் தகப்பனிடம் வந்தவன். பின்னேரம் நாலு மணிக்குத் துவாயைத் தோளில் போட்டுக்கொண்டு கடற்கரைக்கு வந்தான். நான் கொடியைக் காட்டினேன். "எங்கள் ஊரில் பனிக்காலத்தில், தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும்போது, இதைவிடப் பெரிய அலையில் நீந்துவோம். இது வெந்நீர்" என்றான். மேனேஜர் வில்மட் துரை வராந்தாவில் நின்று பார்த்துக்கொண்டிருந்தவர், தடுக்கவில்லை. பொடியன் நேரே அந்தக் கறுப்புத் தண்ணீரில் இறங்கினான். முன்பு எழுதினேனே, அந்த வாய்க்காலில்.

திரும்பிப் பார்க்குமுன்னம் அவன் தலை வெகு தூரத்தில் தெரிந்தது. கை தூக்கினான்.

உங்கள் கணவர் படகுக் கொட்டகையில் இருந்து தேத்தண்ணி குடித்துக்கொண்டு பேப்பர் வாசித்துக்கொண்டிருந்தவர். கொண்டாட்டம் நடந்த பக்கம் அவர் போகவேயில்லை. அவரையோ மற்ற வாத்தியார்மாரையோ அங்கே யாரும் கூப்பிடவில்லை. குடித்திருந்தார் என்பது பச்சைப் பொய்.

நான் கயிறும் மிதவை வளையமும் எடுத்துக்கொண்டு ஓடினேன். போக வேண்டியவன் நான். அதற்குத்தான் சம்பளம். அக்டோபரில் படகிலிருந்து விழுந்து எனக்குத் தோள் விலகியிருந்தது என்று இத்தனை நாள் எனக்கே சொல்லிக்கொண்டு வந்தேன். தோள் வெறும் சாட்டு. அந்த அலையைப் பார்த்து எனக்குப் பயம் பிடித்துவிட்டது. அதுதான் நடந்தது.

"மாஸ்டர், உங்களுக்கு நீந்தத் தெரியும்தானே?" என்று கேட்டேன்.

அவர் கடலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். சட்டையைக் கழற்றி மடித்து வைத்து, கண்ணாடியை அதன்மேல் வைத்தார். "கட்டுங்க" என்றார். கட்டினேன்.

அவர் நல்லாக நீந்தினார். நான் சொன்னபடி இழுப்போடு எதிர்க்காமல் போய், பொடியனைப் பிடித்து வளையத்தை மாட்டிவிட்டார். நானும் சமையல்காரக் கிழவன் அஹ்மாட்டும் கயிற்றை இழுத்தோம். இரண்டு பேரும் வந்துகொண்டே இருந்தார்கள். இன்னும் இருபது யார் தூரம்தான். அப்போது வரிசையில் பெரிய அலை ஒன்று இரண்டு பேர்மேலும் உடைந்தது. பொடியன் வளையத்தோடு பிரிந்து இடப்பக்கம் இடுப்பளவுத் தண்ணீரில் உருண்டான். உங்கள் கணவர் திரும்ப இழுப்புக்குள் போய்விட்டார். கயிறு என் கையில் இறுகியது.

வில்மட் துரை கத்தினார், "அதை விடு! பையனைப் பிடி!"

விட்டேன்.

விட்டுவிட்டு ஓடிப் பொடியனைத் தூக்கினேன். அஹ்மாட்டுக்கு அறுபது வயது, தனியே பிடிக்க முடியவில்லை. நான் திரும்பி வந்தபோது கயிற்றின் மறுமுனை மணலில் ஓடித் தண்ணீருக்குள் போய்க்கொண்டிருந்தது. பாய்ந்தேன். எட்டவில்லை.

மறுநாள் துரை ஒரு கடதாசி தட்டச்சடித்துக் கொண்டுவந்தார். "போனவர் போய்விட்டார். இந்தப் பையன் பேர் பேப்பரில் வந்தால் உனக்கும் எனக்கும் வேலை இல்லை" என்றார். நான் வாசித்துவிட்டுத்தான் கையெழுத்துப் போட்டேன். வாசிக்காமல் போட்டேன் என்று சொல்ல மாட்டேன்.

இதை உங்களுக்கு மட்டும் எழுதுகிறேன். வெளியில் சொன்னால் என் பிள்ளைகளின் கதி என்ன என்று நீங்களே யோசியுங்கள்.

தம்பிராஜா


காஜா பேராங்
22-4-1958

தம்பிராஜாவுக்கு,

என்னைத் தங்கச்சி என்று எழுதாதீர்கள். எனக்கு அண்ணன் இல்லை. இருந்திருந்தால் இந்நேரம் படகேறி அங்கே வந்திருப்பார்.

உங்கள் கடிதத்தை அடுப்படியில் நின்று வாசித்தேன். உலை பொங்கி அடுப்பு அணைந்துபோனது. எத்தனை நேரம் அப்படி நின்றேன் என்று தெரியவில்லை.

இருபது யார். என் வீட்டு வாசலிலிருந்து எதிர்வீட்டுச் செட்டிக் கம்பத்து அக்கா வீடு இருபது யார் இருக்கும். இங்கிருந்து கூப்பிட்டால் அங்கே "ஆப்பா?" என்று மலாயில் கேட்டுத் திரும்பிப் பார்ப்பார். அத்தனை கிட்டத்தில் என் புருஷன் உயிரோடு இருந்திருக்கிறார். உங்கள் கையில் இருந்திருக்கிறார்.

அந்தப் பையன் இடுப்பளவுத் தண்ணீரில் கிடந்தான் என்று நீங்களே எழுதுகிறீர்கள். வராந்தாவில் நின்று கத்தின துரைக்குக் கால் இல்லையா? அவன் வந்து தூக்கக் கூடாதா? விடு என்றால் விட்டுவிடுவீர்களா? மெர்டேக்கா வந்து நாலு மாதம் ஆகியிருந்தது, ஐயா. மூன்று மொழியில் பலகை எழுதத் தெரிந்த உங்களுக்கு அந்த ஒரு நொடியில் மாட்டேன் என்று ஒரு மொழியில்கூட வரவில்லையா?

பயந்தீர்கள் என்பதை நான் மன்னித்தாலும் மன்னிப்பேன். அந்தக் கடலைப் பார்த்தால் நானும் பயப்படுவேன். ஆனால் மறுநாள் உங்களைச் சுற்றி அலை இல்லை. நாற்காலியில் உட்கார்ந்து, வாசித்துப் பார்த்து, செத்தவரைக் குடிகாரன் என்று எழுதின கடதாசியில் கையெழுத்துப் போட்டீர்கள். அதற்கு எந்தக் கடலைக் காரணம் சொல்வீர்கள்?

உங்கள் பெண் பிள்ளைகளைப் பற்றி யோசிக்கச் சொல்கிறீர்கள். யோசித்தேன். அவர்கள் தகப்பனை யாரும் குடிகாரன் என்று சொல்லவில்லை. என் மகளிடம் போன வாரம் ஒருத்தி சொன்னாள். இவள் அவள் கையைக் கடித்துவிட்டு வந்தாள். நான் இவளை அடித்தேன். இப்போது இந்தக் கடிதத்தை வாசித்த பிறகு, அடித்த கையை என்ன செய்வது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன்.

எனக்கு மட்டும் எழுதியது போதாது. மாஜிஸ்திரேட்டிடம் போய்ச் சொல்லுங்கள். உங்கள் கடிதத்தைக் கொண்டுபோய் நானே கொடுக்கலாம். கொடுக்க மாட்டேன். பொய்யை உங்கள் கை எழுதியது, மெய்யையும் அதே கைதான் எழுத வேண்டும்.

நான் காத்திருக்கிறேன். பொறுமையாக இல்லை.

ருக்மணி


காஜா பேராங்
9-7-1958

தம்பிராஜாவுக்கு,

பதினோரு வாரம். இப்போது கிழக்குக் கரை அமைதியாக இருக்கும், தபால் படகு தினமும் ஓடும் என்று துணிக்கடைக்காரர் சொல்கிறார். கடலைச் சாக்கு சொல்ல முடியாது.

ருக்மணி


ஜொகூர் பாரு
18-9-1958

திருமதி ருக்மணி அவர்களுக்கு,

மேலே உள்ள ஊரைப் பார்த்தே தெரிந்திருக்கும். நான் இப்போது தீவில் இல்லை.

உங்கள் ஏப்ரல் கடிதத்துக்குப் பிறகு நான் உங்கள்மேல் கடும் கோபத்தில் இருந்தேன். இந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும், என் நிலைமையில் நின்று பார்க்கட்டும் என்று திட்டினேன். ஜூலைக் கடிதம் வந்தபோது அதைவிடக் கோபம். பதில் எழுதக்கூடாது என்று பிடிவாதமாக இருந்தேன்.

ஆகஸ்ட் முப்பத்தோராம் தேதி பங்களாவில் கொடியேற்றினார்கள். அடுத்த டிசம்பருக்கும் தோட்டத்து ஆட்கள் இருபது பேர் வருவதாக வில்மட் துரை சொன்னார். "போன வருஷம் மாதிரி முட்டாள்தனம் எதுவும் நடக்காமல் பார்த்துக்கொள். அந்த வாத்தியார் செய்த வேலையால் எனக்கு எத்தனை தலைவலி" என்றார். நான் அவர் முகத்தையே பார்த்தேன். அவருக்கு அது உண்மையாகவே மறந்துபோய்விட்டது. தானே தட்டச்சடித்ததைத் தானே நம்பிவிட்டார்.

"மாஸ்டர் முட்டாள் இல்லை. முட்டாள் உங்கள் டைரக்டரின் பொடியன்" என்று சொல்லிவிட்டேன்.

அவர் என்னை ஏறிட்டுப் பார்த்து, "என்ன சொன்னாய்?" என்றார்.

"மாஜிஸ்திரேட்டிடமும் சொல்லப் போறன்" என்றேன்.

அன்றைக்கே பெட்டியைக் கட்டச் சொன்னார். நான் பெட்டியைக் கட்டி, அஹ்மாட் கிழவனையும் கூட்டிக்கொண்டு படகேறினேன். கிழவன் வர மாட்டான் என்று நினைத்தேன். "அன்றையிலிருந்து என் உள்ளங்கை எரிகிறது" என்று சொல்லி வந்தான். செப்டம்பர் நான்காம் தேதி இரண்டு பேரும் சத்தியம் பண்ணி எல்லாவற்றையும் சொன்னோம். நான் பொய்ச் சாட்சி சொன்னதற்கு என்மேல் வழக்கு வரலாம் என்றார்கள். வரட்டும். விசாரணையைத் திரும்ப நடத்துகிறார்கள். உங்களுக்கு உத்தியோகபூர்வமாகக் கடிதம் வரும்.

என் மனைவி என்னோடு பேசுவதில்லை. அவளுடைய தமையன் வீட்டில் இருக்கிறோம். துறைமுகத்தில் மூட்டைக்கு நம்பர் எழுதுகிற வேலை கிடைத்திருக்கிறது.

ஒரு விண்ணப்பம். மாஸ்டருடைய வருஷத் திதிக்கு நான் வரலாமா? வாசலில் நின்றுவிட்டுப் போய்விடுவேன்.

தம்பிராஜா


காஜா பேராங்
24-11-1958

தம்பிராஜாவுக்கு,

விசாரணை முடிவு வந்தது. துணிக்கடைக்காரர் இந்த முறை கடைசிவரை வாசித்தார், கடையில் இருந்தவர்களுக்கும் கேட்கிற மாதிரி. "இன்னொருவர் உயிரைக் காப்பாற்றும் முயற்சியில் இறந்தார். மது அருந்தியதற்குச் சான்று எதுவும் இல்லை." கம்பெனியிலிருந்து இதுவரை ஒரு வரி வரவில்லை.

என் மாமியார் பொன்னம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "அதுவும் காயிதம், இதுவும் காயிதம்" என்று சொல்லிவிட்டுப் போய்ப் படுத்துவிட்டார்.

அதனால்தான் வரச் சொல்கிறேன். வாசலில் நின்றுவிட்டுப் போகலாம் என்று நினைக்காதீர்கள். உள்ளே வந்து, அவர் முகத்தைப் பார்த்து, உங்கள் வாயால் சொல்ல வேண்டும். எனக்கு எழுதின மாதிரி எதையும் விடாமல். டிசம்பர் பன்னிரண்டு, வெள்ளிக்கிழமை, காலை பத்து மணி. பஸ்ஸை விட்டு இறங்கி வாத்தியார் வீடு என்று கேட்டால் காட்டுவார்கள். இப்போது காட்டுவார்கள்.

ருக்மணி


காஜா பேராங்
15-12-1958

தம்பிராஜாவுக்கு,

வந்தீர்கள். செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றதைப் பார்த்தபோது, இத்தனை மாதம் நான் திட்டி எழுதின ஆள் இவர்தானா என்று இருந்தது. இத்தனை ஒல்லியாக இருப்பீர்கள் என்று நினைக்கவில்லை. அதற்காகக் கோபம் குறையவில்லை.

எல்லாவற்றையும் சொன்னீர்கள். தலைமையாசிரியரும் சேதுராமனும் அக்கம்பக்கத்தாரும் இருக்கும்போது, விட்டேன் என்ற சொல்லை இரண்டு தரம் சொன்னீர்கள். எதிர்வீட்டு அக்காவுக்குத் தமிழ் வராது. அவருக்குச் சேதுராமன் மலாயில் சொல்லச் சொல்ல, அவர் வாயைப் பொத்திக்கொண்டார்.

ஆனால் என் மாமியார் உங்களிடம் ஒன்றே ஒன்று கேட்டார். "அவன் கடைசில ஏதாச்சும் கத்துனானா?"

தரையைப் பார்த்து அழுதீர்கள். சேதுராமன் உங்களை வெளியே கூட்டிக்கொண்டு போய்விட்டார். சாப்பிடாமல் போய்விட்டீர்கள்.

ஒரு தாய் கேட்ட கேள்விக்கு அழுதுவிட்டுப் போவது என்ன நியாயம்? அதை அவர் கேட்டு மூன்று நாளாகிறது. ஒவ்வொரு நாளும் என்னிடம், "அந்த ஆள் ஏன் சொல்லல?" என்கிறார். ஒன்றும் கத்தவில்லை என்றால் அதை எழுதுங்கள். கத்தினார் என்றால் என்ன கத்தினார் என்று எழுதுங்கள். எங்களுக்கு வலிக்கும் என்று பார்த்து மாற்றி எழுதினால் நான் கண்டுபிடித்துவிடுவேன். உங்கள் பொய் எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

ருக்மணி


ஜொகூர் பாரு
21-12-1958

திருமதி ருக்மணி அவர்களுக்கு,

கத்தினார்.

அலை உடைந்து அவர் திரும்பவும் இழுப்புக்குள் போனபோது, கயிறு என் கையில் இருக்கும்போதே கத்தினார். "தம்பிராஜா அண்ணே, இழுங்க! விட்றாதீங்க!" என்றார். அதற்கு முந்தின நாளெல்லாம் என்னை ஐயா என்றுதான் கூப்பிட்டவர்.

நான் விட்ட பிறகும் ஒரு தரம் கூப்பிட்டார். அப்போது பேர் சொல்லவில்லை. "அம்மா" என்றார்.

இதை மாஜிஸ்திரேட்டிடமும் சொல்லவில்லை. உங்களுக்கு எழுதின கடிதத்திலும் விட்டுவிட்டேன். அன்று உங்கள் வீட்டில் அவர் தாயாரின் முகத்துக்கு முன்னால் வாய் வரவில்லை. இனிச் சொல்லாத மிச்சம் என்னிடம் எதுவும் இல்லை.

தம்பிராஜா


காஜா பேராங்
29-12-1958

தம்பிராஜாவுக்கு,

வாசித்துக் காட்டினேன். மாற்றாமல், நீங்கள் எழுதின மாதிரியே.

என் மாமியார் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். பிறகு, "இன்னொரு தரம் வாசி" என்றார். வாசித்தேன். "இழுங்கன்னு கத்தியிருக்கான்" என்றார். "அப்ப அவன் வீட்டுக்கு வரணும்னுதான் இருந்திருக்கான். உசுர வேணாம்னு தூக்கிப் போட்டுட்டுப் போகல." ஒரு வருஷமாக அவருக்கு உள்ளே அரித்துக்கொண்டிருந்தது அந்தக் குடி இல்லை என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. தீவுக்குப் போவதற்கு முந்தின நாள் அவரும் மகனும் ஏதோ சின்ன விஷயத்துக்குச் சண்டை போட்டிருக்கிறார்கள். இதை அவர் யாரிடமும் சொன்னதில்லை.

அப்புறம் "கருணா, கருணா" என்று பேர் சொல்லிக் கூப்பிட்டு அழுதார். தெருவே கேட்கிற மாதிரி. மல்லிகா ஓடிவந்து அவர் மடியில் உட்கார்ந்துகொண்டாள்.

நான் அழவில்லை. இருபது யாரில் நின்று இழுங்க என்று கத்தின குரல் எனக்கு இப்போது வீட்டில் எல்லா இடத்திலும் கேட்கிறது. உங்களுக்கும் கேட்டுக்கொண்டே இருக்கட்டும். உங்களுக்கு வேறெந்தத் தண்டனையும் வேண்டாம் என்று மாஜிஸ்திரேட்டுக்கு எழுதிவிட்டேன், உங்கள் பெண்களுக்காக. உங்களுக்காக இல்லை.

இனி எழுத வேண்டாம்.

ருக்மணி கருணாகரன்